பாறையின் வயதும் மலையின் வயதும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்துத் தமிழ் நிலவியல் எழுத்து குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தொன்மை பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பலவற்றில் பாறை உருவான காலமும் மலை உயர்ந்த காலமும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. இக்கலப்பு தரவுக் குறைவால் மட்டும் நேர்வதன்று. ‘வயது’, ‘படுகை’, ‘எழுச்சி’ என்னும் மூன்று சொற்கள் வரையறையின்றிக் கையாளப்படுவதாலும் நேர்கிறது. மலையின் வரலாற்றை அறிய மலைப்பாறையைக் காட்டிலும் மலையிலிருந்து அரித்துச் செல்லப்பட்ட மண் படிந்த படுகைகளும் அவற்றின் அடுக்குகளுக்குக் காணப்படும் காலமும் இன்றியமையாதன என்பதை இக்கட்டுரை கூடலூரை உள்ளடக்கிய கம்பம் பள்ளத்தாக்கையும் காவிரிப் படிவுப் படுகையையும் சான்றாகக் கொண்டு விளக்குகிறது. குமரிக்கண்டம் குறித்த விவாதத்திலும் மலைப்பகுதிகளின் உறுதி குறித்த பொது விவாதத்திலும் இச்சொற்குழப்பம் ஏற்படுத்தும் விளைவுகளையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கம்பம் பள்ளத்தாக்கு, கூடலூர், மேற்குத் தொடர்ச்சி மலை, காவிரிப் படுகை, படிவுப்பாறை, காலக்கணிப்பு, கலைச்சொல், குமரிக்கண்டம்.

1. முன்னுரை

தேனி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குமுளிக்கு ஏறும் மலைப்பாதையின் அடிவாரத்தை ஒட்டிக் கூடலூர் அமைந்துள்ளது. மேற்கே ஏலமலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் தொடர்கின்றன. இவ்விரு மலைநிரைகளுக்கும் இடையே தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீளும் சமதளமே நெல்லுக்கும் பன்னீர்த் திராட்சைக்கும் பெயர்பெற்ற கம்பம் பள்ளத்தாக்கு.

இம்மலை எத்தனை ஆண்டுப் பழமையுடையது என்னும் வினாவிற்கு ஒன்றுக்கொன்று பொருந்தாத நான்கு விடைகள் தமிழில் வழங்குகின்றன. 250 கோடி ஆண்டு என்பது ஒன்று. 55 கோடி ஆண்டு என்பது மற்றொன்று. கோண்டுவானா பிளந்த காலத்தை ஒட்டி ஏறத்தாழ 15 கோடி ஆண்டு என்பது மூன்றாவது. தக்காண எரிமலைப் பெருக்கை ஒட்டி ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டு என்பது நான்காவது. இந்நான்கு எண்களுக்கும் அறிவியல் அடிப்படை உண்டு. எனினும் இவை ஒரே வினாவிற்குரிய விடைகளல்ல. முதலிரண்டும் பாறையின் பிறப்பையும் உருமாற்றத்தையும் குறிப்பன. பின்னிரண்டும் நிலத்தட்டு பிளந்த நிகழ்வுகளைக் குறிப்பன. கூடலூரில் நின்று மேற்கே நோக்கும்போது கண்ணிற்படும் அந்த உயரம் எப்போது தோன்றியது என்பதற்கு இவற்றுள் எதுவும் நேரடி விடையாகாது.

நான்கு வினாக்கள் ஒரே வினாவாகச் சுருங்கியது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தனியொரு நூலையோ ஆசிரியரையோ குறைகூறுவது நோக்கமன்று. பலரும் எடுத்தாளும் சொல்லாட்சியே இங்குத் திறனாய்வுக்கு உட்படுகிறது.

2. ‘வயது’: கல்லும் கல்வெட்டும்

கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகளில் சார்னோக்கைட்டும் அதனோடு இயைந்த நைஸ் வகைப் பாறைகளும் மிகுதி. சென்னைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் இப்பாறையினத்திற்குத் தாமஸ் ஹாலந்து இப்பெயரைச் சூட்டினார். கொல்கத்தாவில் ஜோப் சார்னோக்கின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையாலானது என்பதே பெயருக்குக் காரணம். பெருவெப்பமும் பேரழுத்தமும் நிலவும் ஆழத்தில், அதாவது புவிமேலோட்டில் ஏறத்தாழ 20 முதல் 30 கிலோமீட்டர் கீழே, உருமாறியவை இப்பாறைகள். இவற்றிலுள்ள சிர்க்கான் மணிகளில் யுரேனியம் சிதைந்து ஈயமாகும் விகிதத்தை அளந்து காலம் கணிக்கப்படுகிறது. நிலவியலாளர் ‘மதுரை வட்டாரம்’ எனக் குறிக்கும் பகுதியில் மூலப்பாறையின் ஒரு பகுதி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுக்கு முற்பட்டது என்பதும், கோண்டுவானா ஒருங்கிணைந்த ஏறத்தாழ 55 கோடி ஆண்டுக்கு முந்தைய காலத்தில் அது மீண்டும் உருமாறியது என்பதும் இக்கணிப்புகளால் தெரியவருகின்றன.

இவ்வெண்கள் ஐயத்திற்கு இடமற்றவை. ஆனால் அவை குறிப்பது 20 கிலோமீட்டருக்கும் கீழே புதைந்திருந்த பாறையின் நிலையை. அன்று அதன்மேல் மலை இருந்திருக்கலாம்; ஆயினும் அது இன்றைய ஏலமலையன்று. இன்றைய மலைமுகட்டின் பாறை அன்று பாதாளத்தில் இருந்தது.

இவ்வேறுபாடு தமிழாய்வுக்குப் புதிதன்று. இதே தேனி மாவட்டத்தில், வைகைக் கரைப்பகுதியான புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழி எழுத்துப் பொறிப்புடைய நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றின் காலத்தை எழுத்தமைதி, மொழியமைதி, அகழாய்வுச் சூழல் ஆகியவற்றைக் கொண்டே அறிஞர் கணிக்கின்றனர். பொறிக்கப்பட்ட கல் பல கோடி ஆண்டுப் பழமையுடையது என்பதால் பொறிப்பும் அத்துணைப் பழமையுடையது என எவரும் வாதிடுவதில்லை. கல் வேறு, கல்வெட்டு வேறு என்னும் தெளிவு கல்வெட்டியலின் முதற்பாடம். அதே தெளிவு மலையைப் பற்றி எழுதும்போது கைவிடப்படுகிறது. மலையின் உயரமும் சரிவும் பள்ளத்தாக்கும் பாறைமீது பிற்காலத்தில் பொறிக்கப்பட்டவை. அவற்றின் காலத்தைப் பாறையின் காலத்தால் நிறுவ இயலாது.

பள்ளத்தாக்கின் திசையைக் குறித்தும் இதே எச்சரிக்கை தேவை. இப்பகுதியில் சுருளி ஷியர் மண்டலம் எனப்படும், பாறைகள் வெப்பநிலையில் இழுபட்டு நழுவிய தொன்மையான ஒரு பட்டை அடையாளம் காணப்பட்டுள்ளது. பள்ளத்தாக்கின் போக்கும் அதன் போக்கும் நெருங்கி ஒத்துள்ளன. பழைய நலிவுக்கோட்டைப் பின்பற்றி ஆறு பிற்காலத்தில் நிலத்தை அரித்திருக்கலாம் என்பது ஏற்கத்தக்க விளக்கம். திசை பழமையிலிருந்து வந்தது என்பதால் பள்ளமும் பழமையானது என முடிவுகட்டுதல் ஏற்கத்தக்கதன்று.

3. ‘படுகை’: ஒரு சொல், மூன்று நிலப்பரப்புகள்

ஆழத்திலிருந்த பாறை இன்று மலைமுகட்டில் உள்ளதெனின் அதன் மேலிருந்த பல கிலோமீட்டர்ப் பாறை எங்கே சென்றது என்னும் வினா எழுகிறது. கூடலூரைச் சுற்றிலும் தேடினால் விடை கிடைப்பதில்லை. பள்ளத்தாக்கில் உள்ளவை படிகப்பாறைமீது பரவிய செம்மண்ணும், மலையடிச் சரிவுகளில் குவிந்த கற்குவியலும், ஆற்றோர வண்டலுமே. பல கோடி ஆண்டு வரலாற்றைத் தாங்கும் தடித்த படிவடுக்குகள் இங்கு இல்லை. மலை தன் கணக்கைத் தன்னிடத்தில் வைத்துக்கொள்வதில்லை. சுருளியாறும் முல்லையாறும் வைகையில் கலக்கின்றன. வைகை மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வழியே பாக் நீரிணையை நோக்கிச் செல்கிறது. ஆகவே கணக்கைக் கிழக்குக் கடற்கரையின் கீழே தேடவேண்டும்.

அங்கு அமைந்துள்ளதே நிலவியலாளரும் எண்ணெய் அகழ்வோரும் ‘காவிரிப் படுகை’ எனக் குறிப்பது. இவ்விடத்தில்தான் தமிழ் வாசகர் இடறுகிறார். நாளிதழ்த் தமிழில் காவிரிப் படுகை என்பது தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் பாசனச் சமவெளி. நீரியலில் அது தலைக்காவிரி முதல் பூம்புகார் வரையுள்ள வடிநிலம் முழுவதையும் குறிக்கும். நிலவியலிலோ, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி இந்தியாவும் அண்டார்க்டிகாவும் இலங்கையும் விலகியபோது மேலோடு பிளந்து தாழ்ந்த பள்ளங்களின் தொகுதியை அது குறிக்கும். புதுச்சேரி, அரியலூர் முதல் இராமநாதபுரம், மன்னார் வளைகுடா வரை அது பரவியுள்ளது. ஆழமான பள்ளங்களில் படிவுகளின் தடிமன் 5 கிலோமீட்டரையும் கடக்கிறது. காவிரி நீர் ஒருபோதும் பாயாத இராமநாதபுரம் ‘காவிரிப் படுகை’யில் அடங்குவதும், காவிரி பாயும் மேட்டூர் அதில் அடங்காததும் இதனால்தான்.

ஒரே சொல் மூன்று பரப்புகளைச் சுட்டும்போது, காவிரிப் படுகை மண்ணெல்லாம் காவிரி கொணர்ந்தது என்னும் தவறான எண்ணம் இயல்பாகவே உருவாகிறது. வைகையின் மணலும், இன்று மறைந்துபோன பழம் ஆறுகளின் மணலும், கடலின் சுண்ணாம்பும் அதில் உள்ளன. எனவே நீரியற்பொருளில் ‘வடிநிலம்’ என்றும், பாசனப்பொருளில் ‘கழிமுகச் சமவெளி’ என்றும், நிலவியற்பொருளில் ‘படிவுப் படுகை’ என்றும் வேறுபடுத்தி எழுதுவது பொருத்தமாகும்.

இப்படிவுப் படுகையின் அடித்தளமே முதன்மையான ஒரு சான்றைத் தருகிறது. சிவகங்கைப் பகுதியில் மேல் கோண்டுவானா காலத் தாவரப் புதைபடிவங்களுடைய அடுக்குகள் படிகப்பாறையின்மீது அமைந்துள்ளன. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் உத்தத்தூர் அடுக்குகளின் பெரும்பகுதியும் அவ்வாறே நைஸ் பாறையையோ மெல்லிய தாவர அடுக்குகளையோ தழுவிக் கிடக்கின்றன. இதன் பொருள் தெளிவு. 55 கோடி ஆண்டுக்கு முன் பாதாளத்தில் உருமாறிய பாறை, கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்திலேயே, அதாவது ஏறத்தாழ 14 கோடி ஆண்டுக்கு முன்பே, வெளித்தெரியும் நிலையை அடைந்துவிட்டது. மேலிருந்த பாறையின் மிகப்பெரும் பகுதி அதற்கு முன்னரே அரிக்கப்பட்டுவிட்டது. ஆகவே இன்றைய மலையின் உயரம் அந்த முதற்பேரரிப்பின் எச்சமா, பிற்கால நிகழ்வுகளின் விளைவா என்பதே எஞ்சும் வினா. இவ்வினாவை முன்வைக்கும் உரிமையையே மலைப்பாறையின் வயது நமக்குத் தருவதில்லை. படுகையின் அடித்தளம் தருகிறது.

4. படிவுகளுக்குக் காலம் காணுதல்: வாய்ப்பும் வரம்பும்

அரியலூர்ப் படிவுகளின் முறையான ஆய்வு 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என அடுக்குகளை வகைப்படுத்தினார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவற்றின் உயிரெச்சங்களை விரிவாக விவரித்தார். அம்மோனைட்டுகளும் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடுகளும் இவ்வடுக்குகளுக்கு உலக அளவில் ஒப்பிடத்தக்க காலத்தை வழங்குகின்றன.

கதிரியக்க முறைகள் வளர்ந்த பின்னும் இங்குப் புதைபடிவத்தின் தேவை குறையவில்லை என்பதைத் தமிழ் எழுத்துகள் போதிய அளவு கவனிப்பதில்லை. மணற்பாறையில் உள்ள சிர்க்கானின் காலத்தைக் கணித்தால் படிவின் காலம் கிடைத்துவிடும் எனக் கருதுதல் பிழை. எந்த அடுக்கும் தன்னுள் இருக்கும் மிக இளைய மணியைக் காட்டிலும் பழமையானதாக இருக்க இயலாது என்பதே அம்முறை தரும் உறுதி. எரிமலைகள் தொடர்ந்து சாம்பலைப் பொழியும் நாடுகளில் மிக இளைய மணியின் காலம் படிவின் காலத்தை நெருங்கும். மதுரை வட்டாரத்திலிருந்து வரும் சிர்க்கான்களோ பெரும்பாலும் 50 கோடி ஆண்டுக்கு முற்பட்டவை. 9 கோடி ஆண்டுக்கு முன் படிந்த அடுக்கிலும் நேற்றைய வைகை மணலிலும் அதே மணிகளே இருக்கக்கூடும். எனவே இங்குச் சிர்க்கான் எம்மலையிலிருந்து மண் வந்தது என்பதற்குச் சான்றாகலாம். எப்போது படிந்தது என்பதற்கு ஆவதில்லை.

ஊற்றிடத்தை அறிவதும் சிறிய பயனன்று. ஆறுகள் வழி மாறுவன. 1895இல் பெரியாறு அணை நிறைவுற்றபின், மேற்கே சென்ற நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த வழியாகக் கூடலூரை அடுத்த லோயர் கேம்ப் பக்கம் இறங்கி வைகையோடு சேர்கிறது. மனிதர் செய்த இம்மாற்றத்தை இயற்கையும் ஆற்றுக் கவர்வு என்னும் முறையில் செய்யவல்லது. இன்றைய ஆற்று வரைபடத்தைக் கொண்டே பழம்படிவின் ஊற்றிடத்தைத் தீர்மானிப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இப்பள்ளத்தாக்கே சான்று.

படிவின் காலத்தை வேறு வழியில் அறிந்திருந்தால்தான் மலையின் அரிப்பு வேகத்தைக் காணமுடியும். அப்படைட்டு மணிகளில் யுரேனியம் பிளந்து விட்டுச்செல்லும் தடங்கள் ஏறத்தாழ 110 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்த பிறகே நிலைக்கின்றன. பூமியில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் 25 பாகை வெப்பம் கூடும் எனவும் தரைமட்ட வெப்பம் 25 பாகை எனவும் கொண்டால், அந்த வெப்பநிலை ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் ஆழத்திற்கு உரியது. விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மணி 12 கோடி ஆண்டுக்கு முன் இவ்வாறு குளிர்ந்தது. அது கிடைத்த அடுக்கு 10 கோடி ஆண்டுக்கு முன் படிந்தது. இடைப்பட்ட 2 கோடி ஆண்டில் 3.4 கிலோமீட்டர்ப் பாறை அகன்றுள்ளது. அதாவது ஆண்டுக்கு 0.17 மில்லிமீட்டர். அதே அடுக்கு உண்மையில் 7 கோடி ஆண்டுக்கு முன் படிந்ததெனின் இடைவெளி 5 கோடி ஆண்டு, வேகம் 0.07 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மணியின் காலத்தில் மாற்றமேயில்லை. அடுக்கின் காலம் மாறியதால் விரைந்து தேய்ந்த மலை மெல்லத் தேய்ந்த மலையாகிவிடுகிறது. படிவுக்குக் காலம் காணும் பணியின் இன்றியமையாமை இதில் அடங்கியுள்ளது.

இக்கண்ணோட்டத்தில் காவிரிப் படுகையின் மிகப்பெரும் இடர் அதன் மேலடுக்குகளில் உள்ளது. புதுச்சேரி முதல் சிவகங்கை வரை ஆங்காங்கே பரவியுள்ள கடலூர் மணற்பாறை பொதுவாக மயோசீன், பிளியோசீன் காலத்தது எனக் கொள்ளப்படுகிறது. திருவக்கரையின் கல்மரங்கள் இதனைச் சார்ந்தவை. இவ்வடுக்குகளில் கடல் உயிரெச்சங்கள் அரிது. மகரந்தமும் மரப்படிவமும் தரும் காலம் அகன்ற எல்லைகளையுடையது. மலை அண்மைக்காலத்தில் மீண்டும் உயர்ந்ததா என்னும் வினாவிற்கு இப்பருமணலே முதற்சாட்சி. அச்சாட்சியின் காலம் துல்லியமாக வரையறுக்கப்படும்வரை அதனைக் கொண்டு எழுச்சிக்கு ஆண்டு குறிப்பது முறையாகாது.

இமயமலையோடு ஒப்பிடுகையில் இவ்வரம்பு மேலும் தெளிவாகும். இமயத்தின் எடையே அதன் அடிவாரத்தை அமிழ்த்திப் படுகையை உண்டாக்கியது. சிவாலிக் அடுக்குகள் அப்படுகையில் படிந்து பின் தாமே மலையாயின. பொத்வார் மேட்டுநிலம் உள்ளிட்ட இடங்களில் பூமியின் காந்தப்புலம் திரும்பிய வரிசையை அளந்து அவ்வடுக்குகளுக்குக் காலம் கண்டனர். வங்காள விரிகுடாவின் அடியில் பரவிய படிவுகளையும் 2015இல் பன்னாட்டுக் கடலடித் துளையிடல் திட்டத்தின் 354ஆம் பயணம் துளையிட்டு ஆராய்ந்தது. அங்கு மலையும் படுகையும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். தெற்கில் காவிரிப் படிவுப் படுகை நிலப்பிளவால் உண்டானது. மலையின் எடையால் அன்று. மேலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துச் சரிவு மேற்கு நோக்கியது; படுகையின் பெரும்பகுதியோ கிழக்கில் உள்ளது. ஆகவே இமய ஆய்வின் முறையைத் தெற்கிற்கு மாற்றமின்றிப் பெயர்த்துக் கொள்வது ஏற்புடையதன்று. மேற்கே கேரள, கொங்கணக் கடலடிப் படுகையையும் கொல்லம், வர்க்கலை அடுக்குகளையும் கிழக்குச் சான்றோடு இணைத்து நோக்கினாலன்றி மலையின் இருபுற வரலாறும் முழுமை பெறாது.

5. ‘எழுச்சி’: மூன்று நிகழ்வுகளுக்கு ஒரு பெயர்

தமிழில் ‘மலை எழுச்சி’ என்னும் தொடர் மூன்று வேறு நிகழ்வுகளை உள்ளடக்குகிறது. கடல்மட்டத்தை நோக்கப் பாறை மேலேறுவது முதலாவது. நிலத்தின் மேற்பரப்பே உயர்வது இரண்டாவது. மேலுள்ளவை அரிக்கப்படுவதால் பாறை வெளிப்படுவது மூன்றாவது. பிலிப் இங்கிலாந்தும் பீட்டர் மோல்னாரும் 1990இல் வெளியிட்ட கட்டுரை இம்மூன்றையும் வேறுபடுத்தி, பாறை உயர்விலிருந்து வெளிப்பாட்டைக் கழித்தால் எஞ்சுவதே தரை உயர்வு எனத் தெளிவுபடுத்தியது. தமிழில் இவற்றை முறையே ‘பாறை உயர்வு’, ‘தரை உயர்வு’, ‘பாறை வெளிப்பாடு’ என வழங்கலாம்.

இவ்வேறுபாடு சொல்லாய்வுக்கு மட்டும் உரியதன்று. ஒரு பீடபூமியிலிருந்து சராசரியாக 1000 மீட்டர்ப் பாறை அரித்துச் செல்லப்பட்டால், பாரம் குறைந்த மேலோடு அடியிலுள்ள அடர்ந்த பொருளின்மீது மிதந்தெழும். இரண்டின் அடர்த்தி விகிதத்தின்படி பாறை ஏறத்தாழ 800 மீட்டர் உயரும். ஆனால் சராசரித் தரைமட்டம் ஏறத்தாழ 200 மீட்டர் தாழும். பாறை உயர்ந்தது, நிலம் தாழ்ந்தது. பிளவுத்தடக் கணிப்பு இங்குக் காட்டுவது பாறை குளிர்ந்ததை, அதாவது வெளிப்பாட்டை. அதனை ‘மலை எழுச்சியின் காலம்’ எனத் தமிழில் எழுதினால் நிகழ்வின் திசையே மாறிவிடுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிய ஆய்வுலகின் கருத்து வேறுபாடுகளும் இங்குதான் நிலைகொள்கின்றன. மடகாஸ்கர் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுக்கு முன்பும், சீசெல்சுத் திட்டு ஏறத்தாழ 6 கோடி ஆண்டுக்கு முன்பும் மேற்கு விளிம்பிலிருந்து விலகின. அப்பிளவுகளில் உயர்ந்த விளிம்பு அரிப்பால் கிழக்கே பின்வாங்கியதே இன்றைய செங்குத்துச் சரிவு என்பர் ஒரு சாரார். அண்மைக்காலத்தில் மீண்டும் தரை உயர்ந்தது என்பர் மற்றொரு சாரார். பிளவுக்கும் முன்னரே மேட்டுநிலம் இருந்தது என்னும் கருத்தும் உண்டு. பி. பி. ராதாகிருஷ்ணாவும் யானி குனெல்லும் தொகுத்து இந்திய நிலவியல் கழகம் 2001இல் வெளியிட்ட சகியாத்ரி பற்றிய தொகுப்பு இவ்விவாதத்தின் பரப்பைக் காட்டுகிறது. திருச்சிராப்பள்ளி அடுக்குகளில் கிரானைட்டுக் கூழாங்கற்கள் மிகுவதும் அவை படிந்த காலம் மடகாஸ்கர் விலகிய காலத்தை ஒட்டியிருப்பதும் கருதத்தக்கன. எனினும் காலம் ஒத்திருத்தல் காரணத்தை நிறுவிவிடாது. கடல்மட்டம் தாழ்ந்தாலும், மழை மிகுந்தாலும், படுகையோரப் பிளவு அசைந்தாலும் கூழாங்கல் வரும். இவற்றுள் எது என்பதைத் தீர்க்கப் பல படுகைகளில் ஒரே காலத்து அடுக்குகளை ஒப்பிடவேண்டும்.

6. குமரி நிலமும் மலைநிலமும்

இச்சொற்குழப்பத்தின் பண்பாட்டு விளைவைக் குமரிக்கண்டக் கருத்தில் காணலாம். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்கினங்களின் உறவை விளக்க இலெமூரியா என்னும் நிலப்பரப்பைக் கற்பித்தார். அரியலூர் அடுக்குகளை வகைப்படுத்திய அதே பிளான்ஃபோர்டு 1875இல், தாவரப் புதைபடிவங்களின் ஒற்றுமையைக் கொண்டு இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய நிலம் ஒன்றை முன்மொழிந்தார். அவர் கண்ட ஒற்றுமை உண்மை. விளக்கம் பின்னர் மாறியது. நிலம் மூழ்கவில்லை, நிலங்கள் விலகின என்பதைக் கண்டப்பெயர்ச்சிக் கொள்கையும் தட்டுப் புவியியலும் உறுதிப்படுத்தின. சான்றைத் தந்த படுகையே விளக்கத்தையும் திருத்தியது என்பது இவ்வரலாற்றின் பாடம்.

தமிழில் இக்கருத்து அடியார்க்குநல்லார் உரையில் வரும் கடல்கோள் செய்தியோடு இணைந்து வளர்ந்த விதத்தைச் சுமதி ராமசாமி 2004இல் வெளியான தம் ஆங்கில நூலில் ஆராய்ந்துள்ளார். நிலவியலாளரான சு. கி. ஜெயகரன் ‘குமரி நில நீட்சி’ (2002) நூலில் கண்டம் மூழ்கியதாகக் கூறுவதை மறுத்து, பனியூழிக்குப் பின் கடல்மட்டம் உயர்ந்ததால் கரையோர நிலம் மறைந்ததை விளக்கினார். ஏறத்தாழ 20,000 ஆண்டுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவில் தாழ்ந்திருந்தது என்பது அவ்விளக்கத்திற்கு அரண். நெடுங்காலக் கற்பனையை அளக்கத்தக்க நிகழ்வாக மாற்றியதே அந்நூலின் சிறப்பு.

கடலுக்குச் செய்யப்பட்ட இச்சோதனை மலைக்கும் செய்யப்படவேண்டும். கண்டம் மூழ்கியதை ஏற்காதவரும், ‘உலகின் மிகப் பழமையான பாறை தமிழ்நிலத்தில் உள்ளது, எனவே மாந்தர் முதலில் தோன்றியதும் இங்கே’ என்னும் வாதத்தை எதிர்ப்பின்றிக் கடந்துவிடுகின்றனர். புறப்பொருள் வெண்பாமாலையின் கரந்தைப் படலத்தில் குடியின் தொன்மையைப் புகழும் வெண்பா, கல்லையும் மண்ணையும் சுட்டும் காரணத்தால், இவ்வாதத்திற்கு நிலவியற் சான்றாகக் காட்டப்படுகிறது. அது குடிநிலைத் துறைக்குரிய புகழ்ச்சி. அதனைப் புகழ்ச்சியாகப் படிப்பதே இலக்கியத்திற்குச் செய்யும் நீதி. பாறை உருவானதற்கும் மாந்தர் தோன்றியதற்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டுகள் உள்ளன. இடையில் அப்பாறை புதைந்தது, எழுந்தது, கடலுக்கு அடித்தளமானது. அதன் பழமை எக்குடிக்கும் உரிமைப்பத்திரம் ஆகாது.

7. பழமையும் உறுதியும்

இக்குழப்பம் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. பெரியாற்று நீரை நம்பி வாழும் கூடலூர், கம்பம் பகுதியில் அணையின் உறுதி அன்றாடப் பேச்சு. பொட்டிப்புரத்தில் முன்மொழியப்பட்ட நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தை ஒட்டியும் இம்மாவட்டத்தின் பாறை பொதுமேடைக்கு வந்தது. இத்தகைய விவாதங்களில் ‘பழமையான மலை, ஆகவே அசையாதது’ என்று ஒரு வாதமும், ‘பிளவுக்கோடு உண்டு, ஆகவே அசையும்’ என்று எதிர்வாதமும் எழுகின்றன. இரண்டும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். முன்னது பாறையின் வயதை இன்றைய உறுதியாகக் கொள்கிறது. பின்னது பழம்பிளவின் இருப்பையே இன்றைய அசைவாகக் கொள்கிறது.

1967இல் கொய்னாவிலும் 1993இல் லாத்தூரிலும் நேர்ந்த நிலநடுக்கங்கள் பழமையான தீபகற்ப நிலத்திலேயே நிகழ்ந்தன. 1900ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியும் அதிர்ந்தது. மறுபுறம், தென்னிந்தியாவின் தொன்மையான பிளவுக்கோடுகள் பலவற்றில் அண்மைக்கால அசைவுக்குரிய தடயமில்லை. ஒரு பிளவு இளமையானதா என்பதை அது இளம் படிவை வெட்டியுள்ளதா என்பதைக் கொண்டும், வெட்டப்பட்ட படிவின் காலத்தைக் கொண்டுமே கூறமுடியும். ஒளிர்வுமுறைக் காலக்கணிப்பு, மணல்மணி கடைசியாக ஒளிபட்ட காலத்தைக் காட்டுவதால், பல்லாயிரம் ஆண்டு அளவிலான வண்டலுக்கு ஏற்றது. ஆகவே பல கோடி ஆண்டு வினாவிற்கு உதவாத கம்பம் பள்ளத்தாக்கின் மெல்லிய மண்ணே, பல்லாயிரம் ஆண்டு வினாவிற்கு முதன்மைச் சான்றாகிறது. எந்த வினாவிற்கு எந்தப் படிவு என்னும் தெளிவே இங்குத் தேவை. அணையைக் குறித்த முடிவு எதுவாயினும், அது கட்டுமான ஆய்வையும் அளக்கப்பட்ட நில அசைவையும் சார்ந்திருக்கவேண்டும். ‘தொன்மை’ என்னும் பெயரடையைச் சார்ந்திருத்தலாகாது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

மலையின் வயது என எழுதுமிடத்து, பாறை உருவான காலமா, உருமாறிய காலமா, குளிர்ந்து வெளிப்பட்ட காலமா, தரை உயர்ந்த காலமா என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிடவேண்டும். இவற்றுள் தரை உயர்வின் காலமே அறிவதற்கு மிக அரியது.

படுகை என்னும் சொல்லை வடிநிலம், கழிமுகச் சமவெளி, படிவுப் படுகை எனப் பொருள்நோக்கி வேறுபடுத்தவேண்டும். காவிரிப் படிவுப் படுகை காவிரியின் வரலாறு மட்டுமன்று. வைகை மலைகளின் வரலாறும் அதில் உள்ளது.

படிவின் காலம் தனியே நிறுவப்படாத இடத்தில் மலையின் அரிப்பு வேகத்தையோ எழுச்சியையோ எண்ணால் குறிப்பதைத் தவிர்க்கவேண்டும். புதைபடிவச் சான்று, காந்தப்புலச் சான்று, கதிரியக்கச் சான்று ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றல்ல. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைப்பன.

கூடலூரிலிருந்து தெரியும் மலையின் பாறை 55 கோடி ஆண்டுக்கு முன் உருமாறியது. 14 கோடி ஆண்டுக்கு முன்பே இப்பகுதிப் பாறைகள் வெளித்தெரிந்தன. அதன் பின் இருமுறை மேற்கு விளிம்பு பிளந்தது. இவ்வளவும் சான்றுடன் கூறத்தக்கவை. அவ்வுயரம் எப்போது எழுந்தது என்னும் விடை சிவகங்கைக்கும் இராமநாதபுரத்திற்கும் கடலுக்கும் கீழே அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அதனைப் படிப்பதற்குத் துளையிடும் கருவியோடு பொருள் பிறழாத கலைச்சொற்களும் வேண்டும். முன்னதை நிலவியல் துறை அளிக்கும். பின்னதை அளிப்பது தமிழாய்வின் கடமையாகும்.